பின்னங்காலைப் பார்க்கத் தவறினோம்: பிலானஸ்பெர்க்கில் ஒரு மாலை

2024 ஆகஸ்ட் 10, சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பெர்க் காப்பகத்தில் மாலை நாலேகால் மணியிலிருந்து ஆறு மணி வரை எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு டயர் கிழிந்தது, பின் பம்பர் நசுங்கியது, அவ்வளவுதான் சேதம். ஆனால் மகள் எடுத்த வீடியோவை வீட்டில் நாலைந்து முறை ஓட்டிப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. நாங்கள் செய்த தவறு சாயங்காலம் நடந்ததே இல்லை. காலை ஒன்பது மணிக்கு, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது நடந்தது.

யார் யார் வண்டியில் இருந்தோம் என்பது இந்தக் கதைக்கு முக்கியம். நான் ஓட்டுநர் இருக்கையில். மனைவி பக்கத்தில். பின்னால் அம்மா நடுவில், ஒரு பக்கம் 12 வயது மகள், இன்னொரு பக்கம் 6 வயது மகன். ஜோகன்னஸ்பர்க்குக்கும் பிரிட்டோரியாவுக்கும் நடுவில் உள்ள மிட்ராண்டில் நாலு வருடமாக வேலை. அம்மா ஊரிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்தார். ஊர் என்றால் கோவைக்கு மேற்கே, தொண்டாமுத்தூர்ப் பக்கம், மலையடிவாரம். வாழைக்கும் சோளத்துக்கும் ராத்திரி யானை இறங்கும் பூமி. பட்டாசு வெடித்து, டார்ச் அடித்து, தகர டப்பா தட்டி விரட்டிப் பழகிய குடும்பம் எங்களுடையது. அம்மாவுக்கு யானை என்றால் பயமும் உண்டு, பக்தியும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், யானையைத் தனக்குத் தெரியும் என்ற உறுதி உண்டு. அந்த உறுதி கொஞ்சம் எனக்கும் ஒட்டியிருந்தது.

பிலானஸ்பெர்க்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. க்ரூகர் பூங்காவுக்குப் போனால் ஐந்து மணிநேரம் ஓட்ட வேண்டும், அது மலேரியா பகுதி வேறு. வயதானவரையும் சின்னப் பையனையும் வைத்துக்கொண்டு மாத்திரை போட்டுக் கொண்டிருக்க முடியாது. பிலானஸ்பெர்க்கில் மலேரியா இல்லை. வீட்டிலிருந்து இரண்டரை மணிநேரம். சாதாரண சின்னக் காரிலேயே உள்ளே போகலாம், ஜீப் எல்லாம் வேண்டாம். ஆகஸ்ட் 9 இங்கே மகளிர் தினம், பொது விடுமுறை. அந்த வருடம் அது வெள்ளிக்கிழமையில் விழுந்ததால் மூன்று நாள் சேர்ந்து கிடைத்தது. எங்களுக்குத் தோன்றிய அதே யோசனை ஜோகன்னஸ்பர்க்கில் பாதிப் பேருக்கும் தோன்றியிருந்தது என்பதை நுழைவாயில் வரிசையில் நின்றபோது தெரிந்துகொண்டோம்.

மனைவிக்கு மட்டும் இதில் முழு சம்மதம் இல்லை. ஒரு மாதத்துக்கு முன்னால்தான், ஜூலை மாதம், இதே பிலானஸ்பெர்க்கில் ஸ்பெயினிலிருந்து வந்த 43 வயது சுற்றுலாப் பயணி ஒருவர் யானைகளைப் படம் எடுக்கக் காரைவிட்டு இறங்கி நடந்து, குட்டிகளோடு இருந்த கூட்டத்தால் மிதிபட்டு இறந்திருந்தார். அவரோடு வந்த மற்ற மூன்று பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. “நாம என்ன இறங்கவா போறோம்?” என்று சொல்லி மனைவியைச் சமாதானப்படுத்தினேன். இறங்காமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

இடத்தைப் பற்றி ஒரு விஷயம். பிலானஸ்பெர்க் என்பது 120 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய ஓர் எரிமலையின் மிச்சம். மேலிருந்து பார்த்தால் தண்ணீரில் கல் விழுந்தாற்போல வட்டம் வட்டமாகக் குன்றுகள். நடுவில் மான்க்வே அணை. ஆகஸ்டில் இங்கே குளிர்காலம் முடியும் நேரம், புல் எல்லாம் காய்ந்து வைக்கோல் நிறத்தில் நிற்கும், விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும், பார்ப்பதற்கு இதைவிட நல்ல மாதம் இல்லை. ஆனால் குன்றுகளுக்கு நடுவே போவதால் சாலைகள் வளைந்து வளைந்துதான் போகும். நேராக அரை கிலோமீட்டர் பார்வை கிடைக்கிற இடங்கள் குறைவு. பந்திப்பூர்ச் சாலையில் யானை நின்றால் தூரத்திலேயே தெரிந்துவிடும். இங்கே வளைவு திரும்பினால்தான் தெரியும்.

காலை ஆறரைக்கு வாயில் திறந்தது. மன்யானே வாயில் வழியாக உள்ளே போனோம். ஒரு வரைபடமும் விதிமுறைத் தாளும் தந்தார்கள். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது, குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது, மாலை ஆறு மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். வெளியே குளிர் கடித்தது. கண்ணாடியை இறக்கவே மனம் வரவில்லை. முதல் ஒன்றரை மணிநேரத்தில் வரிக்குதிரை, காட்டுமாடு, இம்பாலா என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஒரு வெள்ளைக் காண்டாமிருகம் சாலையோரம் புல் மேய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து மகன், “கொம்பு வச்ச எருமை” என்றான்.

ஒன்பது மணிக்கு அணைக்குப் போகும் வழியில் யானைக் கூட்டம். பன்னிரண்டு பதின்மூன்று இருக்கும், மூன்று குட்டிகள். நல்ல தூரத்தில் நிறுத்தினேன். அம்மா முன்னால் சாய்ந்து பார்த்தவர், என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“டேய் கண்ணு, கன்னத்துல ஒழுகுது பாரு. மதம் புடிச்சிருக்கு. வண்டியத் திருப்பு!”

பார்த்தேன். உண்மைதான். முன்னால் நின்ற பெரிய யானையின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் கறுப்பாக ஈரக்கோடு, வாயோரம் வரை. நல்ல நீளமான தந்தம் வேறு. தந்தம் இருந்தால் ஆண், கன்னத்தில் ஒழுகினால் மதம். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட இந்தக் கணக்குத் தெரியும். சங்கப் பாட்டிலேயே மதநீருக்குக் ‘கடாம்’ என்று தனியாகப் பெயர் வைத்து, அதில் வண்டு மொய்ப்பது வரை பாடி வைத்த கூட்டம் நாம். எனக்கும் வயிறு கலங்கியது. பதறிப்போய் ரிவர்ஸ் எடுத்தேன், பின்னால் பார்க்காமல். சுற்றுலா வழிகாட்டி ஓட்டி வந்த திறந்த வண்டி ஒன்றின் மேல் மோதப் பார்த்து, நூலிழையில் நின்றேன்.

அந்த வழிகாட்டி கோபப்படவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டார், சொன்னேன். அவருடைய வண்டியில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அது பெண் யானை என்றார். ஆப்பிரிக்க யானையில் ஆணுக்கும் தந்தம் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. கன்னச் சுரப்பி நீரும் அப்படித்தான். கொஞ்சம் பரபரப்பானாலே, சொந்தக்காரர்களைப் பார்த்த மகிழ்ச்சியிலேகூட, ஆண் பெண் குட்டி என்று வித்தியாசம் இல்லாமல் வழியும். அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

அதோடு அவர் இன்னொன்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியம் என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

காருக்குள் ஒரே சிரிப்பு. “அப்பத்தா, உங்க ஊரு யானையும் இந்த ஊரு யானையும் வேற வேற” என்று மகள் கிண்டலடித்தாள். அம்மாவும் சிரித்தார், ஆனால் முகம் கொஞ்சம் சுருங்கித்தான் இருந்தது. அதன் பிறகு மதியத்துக்குள் இன்னும் இரண்டு கூட்டங்களைப் பார்த்தோம். இரண்டிலும் ஏதோ ஒரு யானைக்குக் கன்னம் ஈரமாக இருந்தது. இரண்டு தடவையும் அம்மா முணுமுணுத்தார். இரண்டு தடவையும் ஒன்றும் நடக்கவில்லை. அணைக்கரை மறைவிடத்தில் உட்கார்ந்து நீர்யானை பார்த்தோம். நடுவில் இருக்கும் உணவகத்தின் பார்க்கிங்கில் நிறுத்தி, கொண்டுபோன புளிசாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் காலிசெய்தோம். புலி வருது கதைதான் அன்றைக்கு நடந்துகொண்டிருந்தது. எங்களுக்குத்தான் அது தெரியவில்லை.

இனி சாயங்காலம். இங்கிருந்து நேரமெல்லாம் மகளின் போன் சொல்வது, என் ஞாபகம் இல்லை.

4:17. வாயிலை நோக்கித் திரும்பும் ஒரு மண் சாலை. வளைவு திரும்பியதும் சுமார் 150 மீட்டர் முன்னால் சாலையின் நட்டநடுவில் தனியாக ஒரு யானை, எங்களைப் பார்த்து நடந்து வருகிறது. காரை நிறுத்தினேன். காலையில் மற்ற வண்டிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டபடி எஞ்சினையும் அணைத்தேன். வீடியோவில் அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்கிறது: “இதுக்கும் ஒழுகுது.” அடுத்து என் குரல்: “அம்மா, காலையிலயே சொன்னாங்கல்ல, இங்க எல்லா ஆனைக்கும் ஒழுகும்.” அப்புறம் மகன் சிரிக்கிறான்.

4:18. பின்னால் ஒரு கார் வந்து ஒட்டி நிற்கிறது. அதற்குப் பின்னால் இன்னொன்று. மூன்றாவதாக ஒரு வெள்ளை பிக்-அப். (இங்கே அதற்கு ‘பாக்கி’ என்று பெயர். கடன்காரனைப் போலப் பின்னாலேயே வரும் என்று முதல் வாரமே நண்பர்களிடம் கடிஜோக் சொல்லியிருக்கிறேன்.) யானை நிற்கவில்லை, வேகத்தைக் கூட்டவும் இல்லை. தலையை உயர்த்தி, தாடையை உள்ளே இழுத்தாற்போல வைத்து, தோள் அசைய வருகிறது. அழகாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஐந்து டன்னுக்கு மேல் இருக்கும். எங்கள் கார் ஒரு டன்.

வீடியோவில் 11ஆவது விநாடியில் யானை சற்றே பக்கவாட்டில் திரும்புகிறது. பின்னங்கால்களின் உள்பக்கம் தொடையிலிருந்து பாதம் வரை நனைந்து கறுத்திருப்பது அப்போது பளிச்சென்று தெரிகிறது. காரில் ஐந்து பேர் இருந்தோம். அந்த 11ஆவது விநாடியில் நால்வர் அதன் முகத்தையும் தந்தத்தையும் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒருத்தி போன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

4:19. அறுபது மீட்டர். “ஏங்க, இது நிக்கிற மாதிரி தெரியல” என்கிறார் மனைவி. நான் சாவியைத் திருப்புகிறேன். இன்னொரு கை தானாக ஹாரன் பக்கம் போகிறது. பண்ணாரி மலைப்பாதையில் லாரிக்காரர்கள் செய்வதைப் பார்த்தே வளர்ந்த கை. மனைவி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். ஏன் என்று அப்போது அவருக்கும் சொல்லத் தெரியாது, ஏதோ ஒன்று வேண்டாம் என்றது, அவ்வளவுதான். இந்த நிகழ்வில் எங்கள் காரில் யாராவது ஒன்றைச் சரியாகச் செய்தார்கள் என்றால் அது இதுதான். வழியை விடாமல் நேராக வந்துகொண்டிருக்கும் ஆண் யானையிடம் ஹாரன் அடிப்பது, நான் விலக மாட்டேன் என்று சவால் விடுவதுபோல. விரட்டினால் ஓடுவதற்கு அது சோளக்காட்டில் திருட வந்த யானை இல்லை, அதன் பாதையில் நாங்கள்தான் நின்றிருந்தோம்.

ரிவர்ஸ் கியர் போட்டேன். பின்னால் இருந்த கார் ஒரு ஆள் நீளத்துக்குக்கூட இடம்விடாமல் நின்றது. அவர் கண்ணாடியை இறக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இங்கேதான் எங்களைக் காப்பாற்றியது கடைசியில் நின்ற பாக்கி. ஓட்டியவர் எழுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர். எல்லோருக்கும் முன்னால் அவர் பின்வாங்கத் தொடங்கி, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, வா வா என்று அசைத்துக்கொண்டே போனார். இரண்டாவது காருக்கு அது புரிந்தது. மூன்றாவதாக எங்களுக்கு ஒட்டி நின்றவருக்கும் புரிந்தது. யானை நாற்பது மீட்டருக்குள் வந்திருந்தபோது நாங்கள் நகர ஆரம்பித்தோம்.

அதற்குப் பிறகு நானூறு மீட்டர் பின்னோக்கி, மண் சாலையில், வளைவில். யானை வேகத்தைக் கூட்டவே இல்லை. நாங்கள் நகர நகர அதுவும் அதே நடையில் வந்தது. பின்னோக்கி ஓட்டுவது பற்றி என் அனுபவமெல்லாம் அபார்ட்மென்ட் பார்க்கிங்கோடு சரி. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினால் வண்டியின் பின்பக்கம் எங்கே போகும் என்பதை யோசித்து யோசித்துச் செய்துகொண்டிருந்தேன். கிளைச் சாலை ஒன்று வந்ததும் முன்னால் போனவர்கள் அதில் ஒதுங்கினார்கள். எனக்கு இடம் போதவில்லை. இன்னும் கொஞ்சம் என்று புதருக்குள் தள்ளினேன். காய்ந்த புல்லுக்குள் ஒரு பாறை இருந்தது. டப் என்று ஒரு சத்தம், பிறகு இடது பின் டயர் ஸ்ஸ் என்று இறங்கும் சத்தம்.

யானை எங்களை ஒரு பார்வை பார்த்தது. முப்பது மீட்டர் தூரத்தில், நேராகச் சாலையிலேயே நடந்து போய்விட்டது. அது கடந்த பிறகு ஒரு வாடை வந்தது. “கெடா நாத்தம்” என்றார் அம்மா. வேறு எதுவும் சொல்லவில்லை. இரண்டு பின்னங்கால்களுக்கு நடுவிலிருந்து சொட்டு சொட்டாக ஒழுகிக்கொண்டே போனதை அப்போதுதான் நான் பார்த்தேன். மண்ணில் கோடு போட்டாற்போல ஈரம் போயிருந்தது.

மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். பாக்கிக்காரர் மட்டும் வந்து எங்களை ஒட்டி நிறுத்தினார். மனைவி, தாளில் இருந்த அவசர எண்ணைக் கூப்பிட்டார். டயர் மாற்ற வேண்டும் என்றால் இறங்க வேண்டும், இறங்கக் கூடாது. நல்ல சிக்கல். ஐந்து மணிக்கு மேல் ரேஞ்சர்கள் இருவர் வந்தார்கள். ஒருவர் துப்பாக்கியோடு வண்டிக்கு முன்னால் நின்று சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருந்தார், இன்னொருவர் என்னோடு குனிந்தார். மாற்று டயர் டிக்கிக்கு அடியில். அதன் மேல் ஐஸ் பெட்டி, பாய், இரண்டு மடிப்பு நாற்காலி, அம்மாவின் பை, அந்தப் பைக்குள் அவர் இந்தக் கண்டத்திலேயே கிடைக்காது என்று நம்பிக் கொண்டுவந்த இரண்டு தண்ணீர் பாட்டில். எல்லாவற்றையும் சிங்கம் இருக்கும் காட்டில் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தேன். ஐந்து நிமிட வேலை இருபது நிமிடம் ஆயிற்று. ஆறு மணி தாண்டி அவர்கள் வண்டிக்குப் பின்னாலேயே வாயிலைக் கடந்தோம். அபராதம் போடவில்லை, கூப்பிட்டுச் சொல்லியிருந்ததால்.

காத்திருந்த நேரத்தில் பாக்கிக்காரர் ஜன்னல் வழியாகச் சொன்னதை மட்டும் இங்கே போடுகிறேன். யானையைப் படம் எடுப்பவர்கள் எல்லாரும் தப்பான முனையைப் பார்க்கிறார்கள் என்றார்.

காலையில் அந்த வழிகாட்டி சொன்ன இரண்டாவது வாக்கியமும் இதேதான். கன்னத்தைப் பார்த்துப் பயப்படாதே, ஆனால் தனி ஆண் யானை என்றால் பின்னங்காலைப் பார். மனைவிக்கு அது அரைகுறையாகக் கேட்டிருந்தது. மகளுக்கு முழுதாகவே ஞாபகம் இருந்தது. “நீங்க யாரும் என்கிட்ட கேக்கல” என்றாள் வழியில். எனக்கு முதல் பாதி மட்டும்தான் தங்கியிருந்தது, ஏனென்றால் அம்மாவோடு நடந்த வாக்குவாதத்தில் என்னை ஜெயிக்க வைத்தது அந்தப் பாதிதான்.

வீட்டுக்கு வந்து படித்ததில் விஷயம் இன்னும் தெளிவானது. ஆப்பிரிக்க யானைக்கு மதம் பிடிக்கும் என்பதையே அறிவியல் உலகம் ரொம்ப நாள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆசிய யானையில் கன்னம் ஒழுகினால் கிட்டத்தட்ட மதம் பிடித்த ஆண்தான். ஆப்பிரிக்காவில் எல்லாவற்றுக்கும் ஒழுகுவதால் அந்த அடையாளம் குழப்பியது. கென்யாவின் அம்போசெலியில் ஜாய்ஸ் பூல், சிந்தியா மாஸ் இருவரும் ஆண் யானைகளை ஒவ்வொன்றாக அடையாளம் வைத்துத் தொடர்ந்து கவனித்து, 1981இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய பிறகுதான் இது நிலைபெற்றது. அவர்கள் பார்த்த அடையாளங்களில் முக்கியமானது விடாமல் சொட்டும் சிறுநீர். கன்னச் சுரப்பி வீங்கியிருக்கும், ஒழுகல் கனமாக இருக்கும், தலை உயர்ந்திருக்கும், அந்தத் தனி நடை இருக்கும், வாடை இருக்கும். ஆனால் காரில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு ஒரே பார்வையில் தெரிவது நனைந்த பின்னங்கால்தான். தந்தத்தை வைத்து ஆண் பெண் சொல்வதும் இங்கே நடக்காது. நெற்றி உருண்டு வளைந்திருந்தால் ஆண், கோணமாக மடிந்திருந்தால் பெண். நம் ஊரிலேயே தந்தம் இல்லாத மக்னா ஆண்தானே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆக, அம்மா பார்த்த இடம் தவறு, காலையில் அவர் சொன்ன முடிவும் தவறு. சாயங்காலம் அதே தவறான இடத்தைப் பார்த்துச் சரியான முடிவைச் சொன்னார். நான் காலையில் சரியான தகவலை வாங்கி, சாயங்காலம் அதை வைத்தே தவறான முடிவுக்கு வந்தேன். யார் பேரில் தப்பு என்று கேட்டால் ஓட்டியவன் பேரில்தான். மதம் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை. சாலையில் தனி ஆண் யானை நம்மை நோக்கி நிற்காமல் வருகிறது என்றால், அது சாதுவோ முரடோ, 150 மீட்டரிலேயே பின்வாங்கத் தொடங்கியிருக்க வேண்டும். எஞ்சினை அணைப்பது மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டத்தைத் தூரத்தில் நின்று பார்க்கும்போது நல்ல பழக்கம். வருகிற யானைக்கு முன்னால் அணைத்தது என் முட்டாள்தனம். அதோடு அந்த ஒன்றரை நிமிடத்தில் பின்னால் மூன்று வண்டி சேர்ந்து, பின்வாங்குவது என் கையில் இல்லாமல் போய்விட்டது. வாயில் மூடும் நேரமும் ஒரு காரணம். சுற்றிக்கொண்டு வேறு சாலையில் போனால் நாற்பது நிமிடம் கூடும் என்ற கணக்கு எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் தப்பித்ததில் எங்கள் சாமர்த்தியம் எவ்வளவு? மிகக் கொஞ்சம். 2013 டிசம்பர் கடைசியில் க்ரூகரில் மதம் பிடித்த யானை ஒன்று தன்னருகே நின்ற காரைக் கவிழ்த்தது, உள்ளே இருந்த பெண்ணைத் தந்தம் குத்தியது, அவர் பிழைத்தார். யானையைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். 2014இல் இதே பிலானஸ்பெர்க்கில் ஒரு ஆண் யானை சின்னக் கார் ஒன்றின் மேல் சாய்ந்து உடம்பைத் தேய்த்துக்கொண்டது. கூரை நசுங்கிப்போன அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. உள்ளே இருந்த இருவரும் பெரிய காயமில்லாமல் வெளியே வந்தார்கள். அதுவும் எங்கள் காரைப் போல ஹாட்ச்பேக்தான். மனைவி அந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தார்.

இந்தக் காப்பகத்துக்கும் மதம் பிடித்த யானைக்கும் ஒரு பழைய கதை உண்டு. அதைத் தெரிந்துகொண்ட பிறகு ரேஞ்சர்கள் ஏன் அவ்வளவு நிதானமாக இருந்தார்கள் என்பது புரிந்தது. பிலானஸ்பெர்க் 1979இல் உருவானது. அதற்கு முன் அது பண்ணை நிலம். வேலி போட்டு, ‘ஆபரேஷன் ஜெனசிஸ்’ என்ற பெயரில் 6,000 விலங்குகள் அளவுக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். காலையில் நாங்கள் பார்த்த வரிக்குதிரையும் காண்டாமிருகமும் அப்படி லாரியில் வந்தவற்றின் வாரிசுகள். யானைகளுக்கு மட்டும் ஒரு சிக்கல். க்ரூகரில் 1967 முதல் 1994 வரை எண்ணிக்கையைக் குறைக்கப் பெரிய யானைகளைக் கூட்டமாகச் சுட்டார்கள். அப்படி அநாதையான குட்டிகளைத்தான் இங்கே கொண்டுவந்தார்கள். முழு வளர்ந்த யானையை லாரியில் ஏற்றிக் கொண்டுவரும் வசதி அப்போது இல்லை. குட்டிகளுக்குத் துணையாக, 1980களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் பழக்கப்பட்டு வளர்ந்த இரண்டு பெண் யானைகளை வரவழைத்தார்கள். ஒன்று ஓவாலா. இன்னொன்றின் பெயர், நம்ப மாட்டீர்கள், துர்கா.

பெண் துணை கிடைத்தது, ஆண் துணை கிடைக்கவில்லை. ஆண் குட்டிகள் பெரிய ஆண் யானை ஒன்றைக்கூடப் பார்க்காமல் வளர்ந்தன. வழக்கமாக 25 வயதைத் தாண்டித் தொடங்கும் மதம் இவற்றுக்கு 18 வயதிலேயே பிடித்தது, பிடித்தால் மாதக்கணக்கில் இறங்கவில்லை. 1992 முதல் 1997 வரை இந்த விடலை யானைகள் 40க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றன. வேட்டைக்காரர்களோ என்றுகூட முதலில் சந்தேகம் வந்திருக்கிறது. 1998இல் க்ரூகரிலிருந்து ஆறு பெரிய ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்குள் அதற்கேற்ற பெரிய லாரிகள் வந்துவிட்டன. பெரிய ஆண் எதிரில் வந்தால் விடலைக்கு மதம் அடங்கிவிடும், சில சமயம் சில நிமிடத்திலேயே. காண்டாமிருகக் கொலை நின்றது. ராப் ஸ்லோட்டோவும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் இதையும் ‘நேச்சர்’ இதழிலேயே எழுதினார்கள்.

இந்தக் கதையை அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். பெரியவர்கள் இல்லாமல் வளர்ந்த பையன்கள், பெரியவர்கள் வந்ததும் அடங்கினார்கள் என்ற இடத்தில் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு விளக்கம் எழுத வேண்டியதில்லை.

அதன் பிறகு எங்களில் என்ன மாறியது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அலுவலகக் காலி பார்க்கிங்கில் நூறு நூறு மீட்டராகப் பின்னோக்கி ஓட்டிப் பழகினேன், பையன் இதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டு கூம்பு வைத்துத் தந்தான். மாற்று டயரை மறைக்காமல் சாமான் அடுக்குவது மனைவியின் பொறுப்பு. அணிவகுப்பில் கடைசி வண்டியாக நிற்பதானால் முன்வண்டிக்கும் நமக்கும் நடுவில் இரண்டு கார் இடம் விடுகிறேன், அந்த இடத்தில் வேறொருவர் வந்து புகுந்துகொண்டால் இன்னும் பின்னால் போகிறேன். வாயில் மூட ஒன்றரை மணிநேரம் இருக்கும்போதே தார்ச் சாலைக்கு வந்துவிடுகிறோம். யானை கண்ணில் பட்டால் முதலில் பேசுவது மகள்தான், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

டிசம்பரில் மறுபடி போனோம். மழைக்காலம், புல் இடுப்பளவு, பார்த்தது பாதிகூட இல்லை. ஒரே ஒரு ஆண் யானை, அதுவும் தூரத்தில், மரத்தடியில். ஊரில் இருந்த அம்மாவுக்கு மகள் அந்தப் படத்தை அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. நலம் விசாரிக்கவில்லை, குளிர் எப்படி என்று கேட்கவில்லை.

“பின்னங்கால் தெரியுற மாதிரி இன்னொண்ணு எடுத்து அனுப்பு சாமி.”